சமவெளிப் பிரயாணம் குறித்து மருமானுக்கு

 

ஆகஸ்டு மாதத்தில் குடும்ப சகிதமாக வினிப்பெக்கில் இறங்கி, வாடகைக் கார் எடுத்துக்கொண்டு, கால்கரி வரையிலுள்ள அருங்காட்சியகங்களையும் சரித்திர ஸ்தலங்களையும் பார்த்துவருவதாக நீ வகுத்தனுப்பிய திட்டத்தை உன் மாமியும் நானும் நிதானமாகப் படித்தோம். தங்குமிடம், சாப்பாடு, கிலோமீட்டர்க் கணக்கு எல்லாம் பிசகில்லாமல் இருக்கின்றன. ஆனால் ஒன்றாம் எண் நெடுஞ்சாலையை விட்டு ஒரு முழம்கூட விலகாமல், ஏறத்தாழ 1,300 கிலோமீட்டரையும் ஒரே கோடாக ஓட்டி முடிக்கும் எண்ணத்தோடு வருகிறவன் இந்தப் பிரதேசத்தைக் கடந்து போகிறானே ஒழியப் பார்த்துப் போகிறானில்லை என்பது, இங்கே நெடுங்காலம் வாசம் செய்பவனாகிய என்னுடைய அபிப்பிராயம். ஆகையால் போர்ட்டேஜ் லா ப்ரேரி ஊரைத் தாண்டியதும் வடமேற்கே பிரியும் பதினாறாம் எண் சாலையைப் பிடித்துச் சஸ்காட்டூனுக்கு வந்து, எங்கள் வீட்டில் மூன்று இரவாவது தங்கி, அப்புறம் தென்மேற்காக ஆல்பெர்ட்டாவுக்குள் இறங்கு.

வினிப்பெக்கில் 2014-இல் திறக்கப்பட்ட மனித உரிமை அருங்காட்சியகத்தை ஒரு பகலில் பார்த்துவிடலாம். மனிடோபா அருங்காட்சியகத்துக்குள்ளே ‘நான்சச்’ என்ற கப்பலின் முழு அளவுப் பிரதி நிற்கிறது. 1668-இல் மென்மயிர் வாணிகம் தேடி ஹட்சன் குடாவுக்கு வந்த மூலக் கப்பலின் லாபமே, இரண்டு வருஷம் கழித்து ஹட்சன் பே கம்பெனி ஏற்படுவதற்குக் காரணமாயிற்று. உன் பையன் அந்தப் பிரதியின் மேல்தளத்தை விட்டு இறங்க மாட்டான். போர்ட்டேஜில், ஆதிக்குடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து அடைத்துவைத்த விடுதிப் பள்ளிகளில் ஒன்றின் கட்டடத்தை, லாங் ப்ளெயின் குடியினரே இப்போது அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். முன்கூட்டித் தெரிவித்துவிட்டுப் போ. பிரயாணத்தின் முடிவில் அல்ல, ஆரம்பத்திலேயே போ. அதைப் பார்த்த கண்ணோடு பார்த்தால்தான் அதற்கு மேற்கே உள்ள கோட்டைகளும் பண்ணை வீடுகளும் தம்முடைய முழுக் கதையையும் சொல்லும்.

பதினாறாம் எண் சாலையில் போகையில், நெடுஞ்சாலையிலிருந்து இருபுறமும் பிரிகிற சரளைக்கல் பாதைகளைச் சிரத்தையோடு கவனி. 1870-இல் இந்த மேற்கு நிலம் கனடா அரசாங்கத்தின் கைக்கு வந்தபின், நில அளவையாளர்கள் சங்கிலியும் கோலுமாகப் புறப்பட்டு, மேடு பள்ளம், ஆறு குளம் எதையும் லட்சியம் செய்யாமல், முழுச் சமவெளியையும் ஒரு மைல் சதுரங்களாகச் சதுரங்கப் பலகைபோல் அறுத்துப் போட்டார்கள். ஒரு சதுரத்துக்கு 640 ஏக்கர். அதில் கால்பங்கான 160 ஏக்கரை, 1872-ஆம் வருஷத்துச் சட்டப்படி, பத்து டாலர் பதிவுக் கட்டணம் செலுத்தி, குடியிருந்து உழுது காட்டியவன் தனக்கென்று எழுதி வாங்கிக்கொண்டான். பூமி உருண்டையாதலால் தீர்க்கரேகைகள் வடக்கே போகப்போக நெருங்குகின்றன. சதுரமோ நெருங்கச் சம்மதிப்பதில்லை. அதனால் வடக்கு நோக்கி நூல் பிடித்தாற்போல் போகும் கிராமப் பாதை, இந்த வித்தியாசத்தைச் சரிக்கட்ட இட்ட திருத்தக் கோடு குறுக்கிடும் இடத்தில் திடீரென்று பக்கவாட்டில் ஒதுங்கி, மறுபடியும் ஒன்றும் நடவாததுபோல நேரே போகும். அப்படிப்பட்ட ஒரு திருப்பத்தில் காரை நிறுத்திப் பையனுக்குக் காட்டு. பூகோளப் பாடம் பிரத்தியட்சமாகும்.

இந்தச் சதுரங்களை மனத்தில் வாங்கிக்கொண்டு பட்டோஷுக்கு வா. எங்கள் ஊருக்கு வடகிழக்கே ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஐரோப்பிய வணிகருக்கும் ஆதிக்குடிப் பெண்களுக்கும் பிறந்த சந்ததியாராய்த் தனி ஜனமாக வளர்ந்த மெட்டி மக்கள், தெற்குச் சஸ்காச்சுவான் நதிக்கரையில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தண்ணீரும் தோப்பும் உழவும் மேய்ச்சலும் கிடைக்குமாறு, ஆற்றிலிருந்து நீண்ட குறுகலான பட்டைகளாக நிலத்தைப் பிரித்து வைத்திருந்தார்கள். அளவையாளரின் சதுரம் அந்தப் பட்டைகளுக்குக் குறுக்கே வந்து விழுந்தது. மனுப்போட்டும் பதில் வரவில்லை. 1885 மே 9 முதல் 12 வரை அரசாங்கச் சைனியத்தோடு நடந்த சண்டையில், மெட்டிப் படைத்தலைவர் காப்ரியேல் டூமோனின் ஆட்கள் தோண்டிய துப்பாக்கிக் குழிகள் இன்றும் புல்லுக்குள் தெரிகின்றன. பாதிரிமார் குடியிருந்த மரவீட்டில் குண்டு துளைத்த அடையாளங்களும் அப்படியே இருக்கின்றன. அவற்றைக் கண்டபின் கல்லறைத் தோட்டத்துக்குப் போய், டூமோன் புதைந்திருக்கும் மேட்டிலிருந்து ஆற்றைப் பார். எதற்காகச் சண்டையிட்டார்கள் என்பதற்கு வேறு வியாக்கியானம் வேண்டாம். தலைவர் லூயி ரியலை அந்த வருஷம் நவம்பர் 16-ஆம் தேதி ரெஜைனாவில் தூக்கிலிட்டார்கள். கிழக்கிலிருந்து சைனியத்தைச் சுமந்துவந்த கனடியன் பசிபிக் ரயில் பாதையின் கடைசி ஆணியை அதற்கு ஒன்பது நாள் முன்னேதான் அடித்திருந்தார்கள். பட்டோஷுக்கு உன் திட்டத்தில் இடமே இல்லாதது கண்டு எனக்குச் சிறிது வருத்தம்தான், முழுநாள் ஒதுக்கு.

எங்கள் ஊரையொட்டிய வனஸ்கேவினில், ஆறாயிரம் வருஷங்களாக மனிதர் வந்து தங்கிப்போன பள்ளத்தாக்கு ஒன்று இருக்கிறது. பைசன் என்னும் காட்டெருமைகளை 2019-இல் அங்கே திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். மறுவருஷம் அவை புழுதியில் புரண்டு புல்லைத் தேய்த்த இடத்தில் ஒரு கல் தலைகாட்டியது. மண்ணைத் துடைத்துப் பார்த்தால் கையால் செதுக்கிய கோடுகள்! ஆராய்ச்சியாளர்கள் பல்லாண்டு நடமாடிய தரையில், விலங்கு தன் உடம்பைச் சொறிந்துகொள்ளப் போய்ச் சிற்பத்தைக் கண்டெடுத்துக் கொடுத்த விநோதத்தை வேறெங்கும் நான் கேட்டதில்லை.

அந்தப் பைசனை நம்பியே இங்கே மனிதர் எப்படி ஜீவித்தார்கள் என்பதை, ஆல்பெர்ட்டாவில் ஃபோர்ட் மெக்ளவுட் அருகிலுள்ள ஹெட் ஸ்மாஷ்ட் இன் பாறைச் சரிவில் காணலாம். யுனெஸ்கோ 1981-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. மேட்டுப் புல்வெளியில் கற்குவியல்களை இரு வரிசையாக அடுக்கி, ஓநாய்த் தோலும் கன்றுத் தோலும் போர்த்த வாலிபர்கள் மந்தையை அந்த வரிசைகளுக்கு இடையே மெல்ல மெல்ல நகர்த்திவந்து, கடைசியில் வெருட்டி விளிம்பிலிருந்து விழச் செய்வார்கள். கீழே பத்து மீட்டர் ஆழத்துக்கு எலும்பும் அம்புமுனையும் அடுக்கடுக்காகப் படிந்திருக்கின்றன. பிளாக்ஃபுட் குடியைச் சேர்ந்த வழிகாட்டிகள் இருப்பார்கள். அவசரப்படாமல் அவர்கள் சொல்வதைக் கேள். வழியிலே டிரம்ஹெல்லரில் 1985-இல் திறந்த ராயல் டிரெல் அருங்காட்சியகத்தின் டைனோசர்களைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை; பையன் உனக்குச் சொல்வான்.

சிற்றூர் அருங்காட்சியகங்களை அலட்சியம் செய்யாதே. பெரும்பாலும் கைவிடப்பட்ட ரயில் நிலையத்திலோ பள்ளிக்கூடத்திலோ இருக்கும். கதவு பூட்டியிருந்தால், அதில் ஒட்டியிருக்கும் தொலைபேசி எண்ணுக்குப் பேசு. எதிர்வீட்டிலிருந்து ஒரு மூதாட்டி சாவியோடு வந்து, கலப்பையைக் காட்டும் சாக்கில் தன் பாட்டனார் சரித்திரத்தையே சொல்லுவார். மனிடோபாவில் இங்கிலிஸ் என்ற ஊரில் வரிசையாக நிற்கும், எலிவேட்டர் என்னும் ஐந்து தானியக் களஞ்சியங்களையும் பார்த்துவிடு. ஒரு காலத்தில் குதிரை வண்டி ஒரு பகலில் போய்த் திரும்பும் தூரத்துக்கு ஒன்றாக, ஐயாயிரத்துக்கும் மேல் நின்றவற்றில் மிச்சம் சொற்பம்.

மற்ற ஜாக்கிரதைகள்: பெட்ரோல் பாதியானதும் நிரப்பு. அந்தி வேளையில் மான் குறுக்கே பாயும். சரளைப் பாதையில் முன்வண்டியின் பின்னால் நெருங்கினால் கண்ணாடி உடையும். மழை பெய்துவிட்டால் களிமண் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும், அன்று தார்ச்சாலையோடு நின்றுவிடு. சஸ்காச்சுவானில் கோடைக்கென்று கடிகாரத்தை மாற்றுவதில்லையாதலால் ஆகஸ்டில் வினிப்பெக்குக்கு ஒரு மணி பின்தங்கியிருக்கும். தொழிலாளர் தினம் கழிந்தால் பல ஸ்தலங்கள் அடைத்துவிடும். நீ ஆகஸ்டைத் தேர்ந்தது நல்லதே.

இத்தனைக்கும் நாள் ஏது என்று கேட்பாய். கால்கரியில் கடைகளுக்கென்று ஒதுக்கிய இரண்டு நாளையும் வெட்டிவிடு. அந்தக் கடைகள் உன் ஊரிலும் உண்டு. புறப்படும் தேதி நிச்சயமானதும் எழுது. பட்டோஷுக்கு நானும் உடன் வருகிறேன், முன்னாசனத்தை எனக்கு விட்டுவை.

உன் மாமன்