முதுமைக்குப் பொருள் வரைதல்

இல்லறத்தார்க்கு விதிக்கப்பட்ட அணுவிரதங்கள் ஐந்து. அவற்றுள் கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, பிறன்மனை விழையாமை என்னும் நான்கும் தீயன செய்யாமல் நம்மைத் தடுப்பவை. ஐந்தாவதாகிய மிகுபொருள் விரும்பாமை நம்மைக் கணக்குப் போடச் சொல்கிறது. எவ்வளவு பொருள் வேண்டும் என்பதை முன்னதாகவே எண்ணி வரையறுத்துக்கொண்டு, அதற்கு மேற்பட்டதில் ஆசை கொள்ளாதிருப்பதே இவ்விரதம். பொருளே வேண்டா என்பது துறவறத்தார்க்குரிய மகாவிரதம். இல்லறத்தார்க்கு உரியது அளவு. ஆசாரிய சமந்தபத்திரர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இதற்கு இச்சா பரிமாணம் என்னும் பெயரையும் சூட்டியுள்ளார். விருப்பத்திற்கு அளவு வைத்தல் என்பது அதன் பொருள்.

இவ்விரதம் செல்வர்களுக்கே உரியது என்று எண்ணிப் பலரும் கடந்து விடுகின்றனர். ஆயினும், ஓய்வுக் காலத்திற்கென எதையேனும் சேர்க்க முயலும் நடுத்தரக் குடும்பத்தார்க்கே இது பெரிதும் பயன்படும். தமக்கு எவ்வளவு தேவை என்று அறியாதவர் இரண்டில் ஒரு தவற்றைச் செய்வார். "பார்த்துக்கொள்ளலாம்" என்று சேர்க்காமலே இருந்து விடுவார். அல்லது முதுமை நெருங்கியதும் அஞ்சி, மிகுந்த வட்டியை நாடிச் சேர்த்ததையும் இழப்பார். அளவை முன்கூட்டியே வரைந்தவர் இவ்விரண்டினின்றும் தப்புவார்.

பழைய ஊன்றுகோல்கள்

வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களில் வாழ்ந்த நம் முன்னோர்க்கு முதுமையின் துணை நிலமும் மக்களுமே. பின்னர் ஆசிரியப் பணியிலும் அரசுப் பணியிலும் சேர்ந்தோர்க்கு ஓய்வூதியம் துணையாயிற்று. இன்று இவ்வூன்றுகோல்கள் முன்போல் உறுதியாக இல்லை. பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் கடல் கடந்தும் வாழ்கின்றனர். ஊரில் உள்ள நிலம் குத்தகையில் இருக்கிறது. தமிழ்நாட்டு அரசுப் பணியில் 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தோர் பழைய ஓய்வூதியத்திற்கு மாற்றாகப் பங்களிப்புத் திட்டத்தின்கீழ்க் கொண்டுவரப்பட்டனர். அதன் பின்னும் அறிவிப்புகள் வந்துள்ளமையால், ஒவ்வொருவரும் தமக்குப் பொருந்தும் விதியை அலுவலகத்தில் எழுத்து வழியே கேட்டறிதல் நன்று.

வட்டியும் குறைந்துவிட்டது. பொது வருங்கால வைப்பு நிதிக்கு 1986 முதல் 2000-ஆம் ஆண்டின் தொடக்கம் வரை 12 விழுக்காடு வட்டி கிடைத்தது. 2020 ஏப்ரலில் அது 7.1 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. அதே 2020-இல் பெருந்தொற்றினால் வேலையையும் ஊதியத்தையும் இழந்தவர் பலர். நெருக்கடி சொல்லிக்கொண்டு வருவதில்லை. ஆகவே, நல்ல காலத்திலேயே கணக்கைத் தொடங்க வேண்டும்.

அளவை வரையும் முறை

முதலில் குடும்பத்தின் இன்றைய மாதச் செலவை எழுதுக. அடுத்து விலைவாசி ஏற்றத்தைக் கணக்கில் கொள்க. 72 என்னும் எண்ணை ஆண்டு ஏற்ற விழுக்காட்டால் வகுத்தால், செலவு இரட்டிப்பாகும் காலம் ஏறத்தாழக் கிடைக்கும். ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏற்றமெனின் 12 ஆண்டுகள். இன்று 48 வயதில் மாதம் ரூ.20,000 செலவிடும் குடும்பத்திற்கு, 60 வயதில் ரூ.40,000, 72 வயதில் ரூ.80,000 தேவைப்படும்.

அடுத்து, ஓய்வுக்குப் பின் வரும் வருவாயைக் கழிக்க. அகவிலைப்படியோடு ஏறிவரும் ஓய்வூதியம் ரூ.25,000 கிடைப்பதாகக் கொண்டால், 60 வயதில் மாதம் ரூ.15,000 குறைவு நேரும். ஆண்டுக்கு ரூ.1,80,000. சேமிப்பின் வட்டியும் விலைவாசி ஏற்றமும் ஏறக்குறைய ஒன்றெனக் கொண்டு, 25 ஆண்டுகளால் பெருக்கினால் ரூ.45 இலட்சம். ஓய்வு பெறும் நாளில் இக்குடும்பத்தின் கையில் இருக்க வேண்டிய அளவு இது. சொந்த வீடும், சொந்த நிலத்து நெல்லும் உடையோர்க்கு இவ்வளவு வேண்டுவதில்லை. ஓய்வூதியமே இல்லாதவர்க்கு இதனினும் மிகுதியாக வேண்டும். இவ்வாறு தம் எண்ணைத் தாமே கண்டு எழுதி வைப்பதே பொருள் வரைதல்.

தொடங்கும் வயது பெரிய வேறுபாட்டைத் தரும். ஆண்டு முடிவில் ரூ.24,000 வீதம் 7 விழுக்காடு கூட்டு வட்டியில் 30 வயது முதல் 60 வயது வரை சேர்த்தால், ஏறத்தாழ ரூ.22.7 இலட்சம் ஆகும். 45 வயதில் தொடங்கினால் ரூ.6 இலட்சமே ஆகும். காலம் பாதியாகும்போது பயன் கால் பங்கை ஒட்டிச் சுருங்கிவிடுகிறது.

ஐந்து அதிசாரங்கள்

விரதத்திற்குக் குற்றம் விளைவிக்கும் ஐந்து மீறல்களை, அதாவது அதிசாரங்களை, சமந்தபத்திரர் வகுத்துள்ளார். வணிகரும் உழவரும் செய்யும் பிழைகளாகவே அவை அமைந்துள்ளன. அவற்றை நம் ஓய்வுக் காலத் திட்டத்தோடு பொருத்திப் பார்ப்போம்.

முதலாவது அதிவாகனம். ஆசையினால் எருதை அதன் ஆற்றலுக்கு மேல் ஓட்டுதல். "உடலில் வலு உள்ளவரை உழைப்பேன், எனக்கு ஓய்வு எதற்கு?" என்பார் தம் உடலையே அவ்வாறு ஓட்டுகிறார். நோய் வந்தால் வருவாய் நின்று செலவு பெருகும். ஆகவே பணியில் இருக்கும்போதே மருத்துவக் காப்பீடு எடுத்தல் வேண்டும். முன்பே உள்ள நோய்களுக்குக் காப்புத் தொடங்க, 2024-இல் வந்த விதிகளின்படி, மூன்று ஆண்டுகள் வரை காத்திருக்க நேரலாம். அறுபதில் எடுப்பதினும் ஐம்பதில் எடுப்பது நன்மை தரும்.

இரண்டாவது அதிசங்கிரகம். விலை ஏறும் என்று தானியத்தை அளவின்றிக் குவித்தல். இன்று மனையையும் பொன்னையும் மட்டுமே குவிப்பது இதனோடு ஒக்கும். அவசரத்தில் மனையை உரிய விலைக்கு விற்க இயலாது. மனை மாதந்தோறும் மருந்துச் செலவுக்குப் பணம் தருவதும் இல்லை. சேமிப்பில் ஒரு பகுதியேனும் மாத வருவாய் தருவதாக இருத்தல் வேண்டும்.

மூன்றாவது விஸ்மயம். பிறர் பெற்ற ஊதியத்தைக் கண்டு வியந்து மனம் வருந்துதல். 1990-களில் தமிழ்நாட்டில் பல தனியார் நிதி நிறுவனங்கள் 24 விழுக்காடும் அதற்கு மேலும் வட்டி தருவதாகக் கூறிப் பணம் திரட்டிப் பின்னர் வீழ்ந்தன. அண்டை வீட்டார் வாங்கிய வட்டியைக் கண்டே பலர் தம் பணிக்கொடையை அங்கே வைத்தனர். வைப்பாளர்களைக் காக்க 1997-இல் தமிழ்நாடு அரசு தனிச் சட்டம் இயற்றியது. ஆயினும், சட்டம் சொத்துகளை முடக்கிப் பணத்தை மீட்பதற்குள் முதியவரின் காலம் கழிந்து விடுகிறது. வங்கி தருவதைப் போல் இரு மடங்கு வட்டி எவரேனும் தருவதாகச் சொன்னால், வியப்பதற்கு மாறாக ஐயுறுதல் வேண்டும்.

நான்காவது உலோபம். போதிய ஊதியம் கிடைத்த பின்னும் மேலும் விரும்புதல். தம் அளவை எட்டியவர், முதலைக் காப்பதிலேயே கருத்துச் செலுத்த வேண்டும். 60 வயது நிறைந்தோர்க்கான மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் அஞ்சலகத்திலும் வங்கிகளிலும் உண்டு. 2023-இல் அதன் உச்சவரம்பு ரூ.15 இலட்சத்திலிருந்து ரூ.30 இலட்சமாகவும், வட்டி 8.2 விழுக்காடாகவும் உயர்த்தப்பட்டன. மூன்று திங்களுக்கு ஒருமுறை வட்டி கைக்கு வரும். புதிய வைப்புகளுக்கான விகிதத்தை அரசு அவ்வப்போது மறுபார்வை செய்வதால், சேரும் நாளில் கேட்டறிக. வங்கி வைப்புகளுக்கு, ஒரு வங்கியில் ஒருவர்க்கு முதலும் வட்டியும் சேர்த்து ரூ.5 இலட்சம் வரை காப்பீடு என 2020-இல் வரையறுக்கப்பட்டது. பெருந்தொகையை ஒரே வங்கியில் வையாமல் பிரித்து வைப்பது இதனால் நலம்.

ஐந்தாவது அதிபாரவாகனம். தாங்கும் அளவுக்கு மேல் சுமை ஏற்றுதல். மக்களின் திருமணத்திற்காக வருங்கால வைப்பு நிதி முழுவதையும் எடுத்தல், ஓய்வுக்கு அருகில் நீண்ட காலக் கடன் வாங்கல், உறவினர்க்குப் பிணை நிற்றல் ஆகியன இவ்வகையின. இருக்கும் ஒரே வீட்டைப் பிள்ளைகள் பெயருக்கு எழுதி வைப்பதும் இதில் அடங்கும். அன்பினால் எழுதுவோர், தம்மைப் பேண வேண்டும் என்னும் நிபந்தனையை ஆவணத்திலேயே தெளிவாக எழுதுதல் வேண்டும். அவ்வாறு எழுதியும் பேணாதொழிந்தால், 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி அவ்வாவணத்தைச் செல்லாதென அறிவிக்கக் கோரலாம்.

அறத்தொடு பொருந்திய சேமிப்பு

சேர்க்கும் வழியும் தூயதாதல் வேண்டும். பரஸ்பர நிதிகளில் பணம் இடுவோர், மதுவும் இறைச்சியும் விற்கும் நிறுவனங்களின் பங்குகள் அதில் உள்ளனவா என்று அறிய இயலும். ஒவ்வொரு நிதியும் தன்னிடமுள்ள பங்குகளின் பட்டியலை மாதந்தோறும் வெளியிடுகிறது. கொல்லாமையை உணவில் மட்டும் காத்து, ஊதியத்தில் கைவிடுதல் முறையன்று.

தானத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். உணவு, மருந்து, கல்வி, அபயம் என்னும் நால்வகைத் தானத்திற்கும் திருக்கோயில் பணிக்கும் வருவாயில் ஒரு பங்கை முன்னரே ஒதுக்குக. முதலைக் கரைத்துக் கொடுத்துவிட்டுப் பின்னர்ப் பிறர் கையை எதிர்பார்க்கும் நிலையைத் தானம் கோருவதில்லை.

இன்னொன்றும் கூறுதல் வேண்டும். கணவர் மறைந்த பின்னர் எந்த வங்கியில் என்ன உள்ளது என்று அறியாது தவிக்கும் தாய்மார் உளர். கணக்குகள், காப்பீடுகள், ஆவணங்கள் ஆகியவற்றை ஒரே குறிப்பேட்டில் எழுதி, கணவன் மனைவி இருவரும் அறிய வைத்தல் வேண்டும். ஒவ்வொரு கணக்கிலும் நியமனதாரர் பெயர் பதிவாகியுள்ளதா என்றும் பார்க்க வேண்டும்.

தசலட்சண பருவத்தின் ஒன்பதாம் நாள் உத்தம ஆகிஞ்சன்யத்திற்கு உரியது. எனது என்னும் பற்றை விடுவதே அதன் உட்கருத்து. அன்று பூசை முடிந்தபின் குடும்பத்தார் ஒருங்கே அமர்ந்து, மாதச் செலவு, ஓய்வுக்குப் பின் வரும் வருவாய், இன்றுள்ள சேமிப்பு, கடன் என்னும் நான்கையும் ஒரு தாளில் எழுதலாம். ஆண்டுக்கு ஒருமுறை இதைத் திருத்தி வந்தால் போதும். சிராவகர்க்குரிய பதினொரு நிலைகளுள் ஒன்பதாவது பரிக்கிரகத் தியாகம். பொருளைத் தாமே விருப்புடன் விடுவது அந்நிலை. வறுமையால் பொருள் தானே நீங்குவது தியாகமாகாது. அடுத்த வேளை மருந்துக்குக் கலங்காத முதியவரே சுவாத்தியாயத்திலும் தியானத்திலும் மனம் ஊன்றுவார். அந்த அமைதிக்காகவே நாம் பொருளை வரைகிறோம்.

அறம் வளர்க!