ஊரமைப்பும் உடல்நலமும்

திருக்குறளில் மருந்து என்றோர் அதிகாரம் உண்டு. நாடு என்றோர் அதிகாரமும் உண்டு. நாட்டுக்கு அணியாவன ஐந்து என்று எண்ணிக் கூறப் புகுந்த வள்ளுவர், அவற்றுள் பிணியின்மையையே முதலில் வைத்தார். நோயற்ற வாழ்வை மருந்துக்கு மட்டும் உரிய பொருளாக விட்டுவிடாமல், நாட்டுக்கு உரிய பொருளாகவும் அவர் வைத்தது எண்ணிப் பார்க்கத்தக்கது. நோய் வந்தபின் செய்வது மருத்துவர் பணி. நோய் வராமல் காப்பதோ பெரும்பாலும் ஊரை அமைப்போர் கையில் இருக்கிறது.

குடிநீர்க் கிணறு எங்கே, சாக்கடை எங்கே, சந்தை எங்கே, பள்ளிக்கூடம் சாலையின் எந்தப் பக்கம், கடைசி பஸ் எந்த ஊர் வரை போகிறது என்பவற்றைப் பொறுத்தே ஊர் மக்களின் நலமும் நோயும் அமைகின்றன. ஆனால் நம் நாட்டில் நிலத்தைப் பிரிப்பவர் ஒருவர். சாலை போடுபவர் மற்றொருவர். நோயைக் கணக்கெடுப்பவர் வேறொருவர். இம்மூவரும் கூடிப் பேசாத காரணத்தால் விளையும் கேடு என்ன, கூடிப் பேசினால் விளையும் நன்மை என்ன என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

நான் மைசூரில் விலங்கியல் முதுகலை பயிலும் மாணவன், வளர்ந்தது ஹனூரில். என் பெற்றோர் மேட்டூர்ப் பக்கத்திலிருந்து பிழைப்பை நாடி அங்கே குடியேறியவர்கள். கொள்ளேகாலிலிருந்து மாதேசுவர மலைக்குப் போகும் வழியில் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் அவ்வூர் இருக்கிறது. 1956 நவம்பர் முதல் நாள் வரை கொள்ளேகால் தாலுகா கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. பின் மைசூர் மாவட்டத்தில் இருந்து, 1997இல் புதிதாகப் பிறந்த சாமராசநகர் மாவட்டத்திற்குப் போயிற்று. அண்மையில்தான் ஹனூர் தனித் தாலுகாவின் தலைநகராயிற்று. ஆகவே எங்கள் ஊரைப் பற்றிய பேச்சில் தமிழகத்தின் படிப்பினையும் வரும். கன்னட நாட்டின் படிப்பினையும் வரும்.

நோய் வரைந்த வீதிகள்

1896இல் பம்பாயில் தோன்றிய பிளேக் நோய் 1898 ஆகஸ்டில் பெங்களூரை எட்டியது. பழைய பேட்டையில் வீடுகள் ஒன்றோடொன்று முதுகொட்டி நின்றன. தானியக் கிடங்கும் படுக்கையறையும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. நோய் காட்டுத்தீயெனப் பரவியது. அதன்பின் எழுந்தவையே பசவனகுடியும் மல்லேசுவரமும். நேரான அகன்ற வீதிகள், வீட்டைச் சுற்றித் திறந்த இடம், கழிவை எடுத்துச் செல்ல வீட்டின் பின்புறத்தே ஒரு சந்து என்ற முறையில் அவை வகுக்கப்பட்டன. மைசூரிலும் 1903இல் நகர அபிவிருத்தி டிரஸ்ட் போர்டு நிறுவப்பட்டது.

இதில் அறிவியல் மாணவர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. எலியின்மேல் வாழும் தெள்ளுப்பூச்சியே பிளேக்கைக் கொண்டுசெல்கிறது என்று பிரெஞ்சு மருத்துவர் சைமண்ட் கூறியதும் அதே 1898ஆம் ஆண்டில்தான். அவர் கூற்றை உலகம் ஏற்கப் பல ஆண்டுகள் ஆயின. எனவே வீதி வகுத்தவர்களுக்கு நோயின் காரணம் தெளிவாகத் தெரியாது. ஆயினும் வெளிச்சமும் காற்றும் புகுந்த வீட்டில், கழிவும் தானியமும் சிதறாத வீதியில், எலிக்கு இடம் குறைந்தது. மருந்து கண்டுபிடிக்கும் வரை காத்திராமல் ஊரமைப்பே மருந்தாக உதவியது. கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் என்ற பெயரால் இன்றும் கோயில்கள் உள்ளன. அந்நோய் நம் மக்கள் நெஞ்சில் எவ்வளவு அச்சத்தை விதைத்தது என்பதற்கு அவையே சான்று.

தண்ணீரோடு வந்த காய்ச்சல்

இரண்டாவது படிப்பினை இதற்கு நேர்மாறானது. அது நலம் பயக்க எண்ணிய திட்டமே நோயைக் கொணர்ந்த கதை. ஹனூர் தாலுகாவின் எல்லையைத் தாண்டியதும் காவிரி மேட்டூர் நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. அந்த அணை 1934இல் முடிவடைந்தது. அதன் பயனாகக் கல்லணைக் கால்வாய் வழியே வறண்ட பட்டுக்கோட்டைத் தாலுகாவுக்கும் தண்ணீர் பாய்ந்தது. உழவர் மகிழ்ந்தனர். ஆனால் தண்ணீரைத் தொடர்ந்து மலேரியாக் காய்ச்சலும் வந்தது.

ராக்பெல்லர் நிறுவனத்தைச் சேர்ந்த பால் ரசல் என்னும் அறிஞரும் அவருடன் உழைத்தோரும் அங்கே ஆராய்ந்தனர். மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் கொசுவின் ஓர் இனம், கசியும் வாய்க்கால்களிலும் மண் தோண்டிய பள்ளங்களிலும் தேங்கிய தெளிந்த நீரிலும் பெருகியதை அவர்கள் கண்டனர். நாற்று நட்ட புது வயலிலும் அது முட்டையிட்டது. பயிர் ஏறத்தாழ ஓர் அடி வளர்ந்தபின் அங்கே அது குறைந்துவிட்டது! பாசனமே குற்றவாளியன்று, ஒழுங்கற்ற பாசனமே குற்றவாளி என்பது ரசல் கண்ட முடிவு. வடிகாலுக்கும் சேர்த்துத் திட்டமிட்டிருந்தால், தோண்டிய பள்ளங்களை அன்றே மூடியிருந்தால், காய்ச்சலுக்கு ஆளானோர் பலர் தப்பியிருப்பர். பொறியாளர் நீரின் அளவைக் கணக்கிட்டார். கொசுவைக் கணக்கிட அவர் அருகில் ஒருவரும் இல்லை. இக்குறை பட்டுக்கோட்டைக்கு மட்டும் உரியதன்று. இன்று சாலை போடும்போது ஓரத்தில் மண் வெட்டிய குழியில் மழைநீர் தேங்குவதைக் காணாத ஊர் உண்டோ?

தொலைவும் ஒரு நோய்

மூன்றாவது படிப்பினையை எங்கள் தாலுகாவே தருகிறது. 2018 டிசம்பர் 14ஆம் நாள் சுள்வாடி என்னும் சிற்றூரில், கிச்சுகுத்தி மாரம்மன் கோயிலில் வழங்கிய பிரசாதத்தில் பூச்சிமருந்து கலந்திருந்தது. நூறு பேருக்கு மேல் நோயுற்றனர்; பதினைந்து பேருக்கு மேல் மாண்டனர். நோயுற்றோரைக் காமகெரெக்கும் கொள்ளேகாலுக்கும், பின்னர் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள மைசூருக்கும் கொண்டு ஓட வேண்டியிருந்தது.

நஞ்சைக் கலந்தது மனிதர் செய்த கொடுமை. அதற்கு ஊரமைப்பைக் குறை கூற இயலாது. ஆனால் இத்தகைய நஞ்சு உடலில் புகுந்தால் மூச்சு விடும் தசைகள் தளர்ந்துபோகும். மாற்று மருந்தும் செயற்கைச் சுவாசமும் விரைவில் கிடைக்க வேண்டும். அங்கே ஒவ்வொரு கிலோமீட்டரும் ஓர் உயிரின் விலை. செயற்கைச் சுவாசக் கருவி எந்த ஊரில் இருக்க வேண்டும், ஆம்புலன்ஸ் வண்டி எந்தக் கூட்டுச்சாலையில் நிற்க வேண்டும் என்ற கேள்விகளுக்குச் சாலைப் படத்தைப் பார்த்தல்லவா விடை காண வேண்டும்?

மாதேசுவர மலைக் காட்டில் உள்ள சிற்றூர்களின் நிலை இன்னும் கடினம். 2024 ஏப்ரல் 26ஆம் நாள் மக்களவைத் தேர்தலின்போது இண்டிகநத்தம் என்ற மலையூரில் பூசல் மூண்டு, வாக்குச் சாவடி சேதமுற்று, மூன்றாம் நாள் மறு வாக்குப்பதிவு நடந்தது. சாலை, குடிநீர் முதலிய அடிப்படை வசதிகள் கிட்டவில்லை என்பதே அம்மக்களின் மனக்குறை. ஆயினும் அது காட்டுயிர்ச் சரணாலயத்தின் நடுவே உள்ள ஊர். அகன்ற தார்ச்சாலை போட்டால் யானைக்கும் மானுக்கும் இடர் வரும் என்று வனத்துறை அஞ்சுவதும் நியாயமே. இரு நியாயங்களுக்கும் இடையே வழி இல்லையா? உண்டு. வனத்துறை அங்கே ஜனவன சாரிகெ என்ற பெயரில் ஜீப் வண்டிகளை ஓடச் செய்தது. பள்ளிப் பிள்ளைகளும் கருவுற்ற பெண்களும் அதனால் பயன்பெற்றனர். சாலையை அகலமாக்காமலே தொலைவைக் குறைக்கலாம் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு. நிலத்தைக் காப்பவரும் வண்டி ஓட்டுபவரும் பிள்ளைப்பேறு பார்ப்பவரும் ஒரே குறையை நோக்கினால் இத்தகைய வழி தானே புலப்படும்.

நடப்பவருக்கும் வழி வேண்டும்

சாலை நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறது. அதே சாலை நோயாளியை உண்டாக்கவும் செய்கிறது. 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் சாலை விபத்துக்களில் 1,68,491 பேர் இறந்தனர். கொள்ளை நோய் ஒன்று இத்தனை பேரைக் கொன்றால் நாடே நடுங்கும்; விபத்து என்று பெயர் வைத்ததால் விதியென்று விட்டுவிடுகிறோம்!

ஹனூர்க் கடைவீதி வழியேதான் மலைக்குப் போகும் பஸ்களும் லாரிகளும் செல்கின்றன. சிவராத்திரி, உகாதி, தீபாவளிக் காலங்களில் கால்நடையாக மலைக்குப் போகும் அடியார் கூட்டமும் அதே வழியில் செல்கிறது. கன்னடத்திலும் தமிழிலும் மாதேசுவரனைப் பாடிக்கொண்டு இரவில் நடப்போருக்குத் தனியாக ஒரு நடைபாதை, மரநிழல், குடிநீர், கழிப்பிடம் ஆகியன ஆடம்பரம் ஆகா. 1939இல் இயற்றிய சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டத்தில் திருவிழாக் கூட்டங்களுக்கென்றே தனிப் பகுதி உண்டு. கூட்டம் கூடும் இடத்தில் வாந்திபேதி கூடும் என்பதை நம் முன்னோர் பட்டறிந்திருந்தனர்.

நடப்பது தானே ஒரு மருந்து. நீரிழிவும் இரத்த அழுத்தமும் சிற்றூர்களிலும் பெருகிவிட்ட இந்நாளில், நடக்க வேண்டும் என்று மருத்துவர் கூறுகிறார். நடக்க இடம் எங்கே என்று நோயாளி கேட்கிறார். சென்னை மாநகராட்சி 2014இல் மோட்டார் அல்லாத போக்குவரத்துக்கென ஒரு கொள்கை வகுத்து, போக்குவரத்துச் செலவில் அறுபது விழுக்காட்டை நடப்போருக்கும் சைக்கிளில் போவோருக்கும் ஒதுக்குவதாக அறிவித்தது. 2019இல் பாண்டி பஜார் வீதியில் நடப்பவருக்கே முதலிடம் தரப்பட்டது. பெருநகரத்தில் இடித்துப் பெயர்த்துச் செய்ததை, சிற்றூரில் தொடக்கத்திலேயே எளிதாகச் செய்துவிடலாம்.

சட்டம் தடுக்கவில்லை

இவையெல்லாம் செய்ய அதிகாரம் யாருக்கு என்று கேட்கலாம். 1992இல் நிறைவேறிய 74ஆம் அரசியலமைப்புத் திருத்தம் பன்னிரண்டாம் அட்டவணையைச் சேர்த்தது. அதில் பதினெட்டுப் பொருள்கள் உள்ளன. நகரமைப்பு முதற்பொருள், நில உபயோகம் இரண்டாவது, சாலைகளும் பாலங்களும் நான்காவது, குடிநீர் ஐந்தாவது, பொதுச் சுகாதாரம் ஆறாவது. மாநில அரசு விரும்பினால் இவை அனைத்தையும் நகராட்சிகளிடமும் பட்டணப் பஞ்சாயத்துக்களிடமும் ஒப்படைக்கலாம். தாளில் இப்பொருள்கள் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன. அலுவலகங்களில் மட்டும் அவை வெவ்வேறு அறைகளில் வாழ்கின்றன.

ஹனூரும் ஒரு பட்டணப் பஞ்சாயத்தே. தாலுகாத் தலைநகர் ஆனபின் அலுவலகங்களும் மனைப்பிரிவுகளும் வருவது இயல்பு. ஒரு மனைப்பிரிவுக்கோ சாலைக்கோ ஒப்புதல் தருமுன் ஐந்து கேள்விகளைச் சுகாதார அலுவலர் கேட்கட்டும். மழைநீரும் கழிவுநீரும் எங்கே போய்ச் சேரும்? குடிநீர் எடுக்கும் இடத்துக்கும் கழிவுக்குழிக்கும் இடையே போதிய தொலைவு உண்டா? ஒரு குழந்தை பெரிய சாலையைக் கடக்காமல் பள்ளிக்குப் போக முடியுமா? நள்ளிரவில் பிள்ளை பெறப்போகும் பெண் எத்தனை மணி நேரத்தில் மருத்துவமனையை அடைவாள்? கூலிக்குப் போகிறவர் வீடு, வேலையிடத்திலிருந்தும் பஸ் நிலையத்திலிருந்தும் நடக்கும் தொலைவில் உள்ளதா? ஐந்துக்கும் தக்க விடை கிடைத்தபின்னரே முத்திரை விழட்டும்.

இக்கேள்விகளில் கடைசி இரண்டும் எங்களைப் போன்ற குடியேறிய மக்களுக்கு மிக முக்கியமானவை. பிழைக்க வந்தவனுக்கு ஊரின் கோடியில், ஓடைக்கரையில், விலை மலிந்த இடமே கிடைக்கிறது. சாக்கடை கடைசியாக வருவதும் அங்கேதான். காய்ச்சல் முதலில் வருவதும் அங்கேதான். பஞ்சாயத்துக் கூட்டத்தில் அவன் எழுந்து பேச மொழியும் தயக்கமும் தடை. ஆகவே படித்த நாம் அவனுக்காகக் கணக்கெடுக்க வேண்டும்.

நம் சங்கத்துத் தோழர்கள் வரும் விடுமுறையில் தத்தம் ஊரின் படம் ஒன்றைத் தாளில் வரையட்டும். கிணறு, சாக்கடை, தேங்கிய குட்டை, பள்ளி, பஸ் நிற்கும் இடம், சென்ற ஆண்டு விபத்து நடந்த இடம், காய்ச்சல் கண்ட வீதி ஆகியவற்றை அதில் குறிக்கட்டும். பொறியியல் பயில்வோர் சரிவை அளக்கட்டும். நாங்கள் குட்டையில் கொசுப்புழுவைத் தேடுகிறோம். சட்டம் பயில்வோர் மனு எழுதட்டும். அப்படத்தைப் பஞ்சாயத்துத் தலைவரிடம் நேரில் கொடுப்போம். கட்டிய சுவரை இடிக்கப் பெரும்பணம் வேண்டும். தாளில் ஒரு கோட்டை மாற்றி வரையப் பென்சில் போதும். எங்கள் ஹனூரில் பல கோடுகள் இன்னும் வரையப்படவில்லை.