வீட்டுப் பூனையும் யானைக்கால் நோயும்



திருகோணமலையில் நமக்குச் சொந்தபந்தம் நிறைய. 1977 கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டை விட்டுப் போன குடும்பங்களில் ஒரு பகுதி அந்த மாவட்டத்தில்தான் குடியேறியது. கோணேசர் கோயிலுக்குப் போகிறோம், துறைமுகப் பக்கம் பிள்ளைகள் வேலைக்கு நிற்கிறார்கள். குளத்தடி வீடுகளில் மாதக்கணக்கில் தங்குகிறவர்களும் உண்டு. அதனால் நம்முடைய குளிர் மலையில் அபூர்வமான யானைக்கால் நோயைப் பற்றியும் நாம் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த நோய் சாபமும் இல்லை, செய்வினையும் இல்லை. நூல் போன்ற புழு உடம்பின் நிணநீர்க் குழாயில் தங்கி, குஞ்சுகளை இரத்தத்தில் விடுகிறது. நுளம்பு கடிக்கும்போது அந்தக் குஞ்சு நுளம்புக்குள் போய், பத்துப் பன்னிரண்டு நாளில் முற்றி, அடுத்தவர் உடம்பில் ஏறுகிறது. ஒரு கடியில் நோய் வந்துவிடாது. மாதக்கணக்கில் கடி வாங்கினால்தான் ஆபத்து.

இலங்கையில் இந்தப் புழு இரண்டு வகை. சாக்கடை நுளம்பு பரப்பும் வகை மனிதரை விட்டால் வேறு உடம்பில் வாழாது. மற்றது புருஜியா மலாயி. இதைப் பரப்புவது மன்சோனியா நுளம்பு. அதன் புழுக்கள் ஆகாயத்தாமரையின் வேரில் ஒட்டிக்கொண்டு, வேருக்குள் இருக்கும் காற்றைத்தான் சுவாசிக்கின்றன. செடியைப் பிடுங்கினால் நுளம்பும் போச்சு! 1947இல் தொடங்கிய யானைக்கால் நோய்த் தடுப்பு இயக்கம் அந்தச் செடியை அழித்ததால்தான் 1960களின் கடைசியில் புருஜியா காணாமல் போனது.

2002 முதல் 2006 வரை எட்டு மாவட்டங்களில் வருடாவருடம் மாத்திரை கொடுத்தார்கள். அந்த எட்டில் திருகோணமலை இல்லை. 2016இல் உலக சுகாதார நிறுவனமும் நற்சான்று தந்தது. ஆனால் ஏறக்குறைய நாற்பது வருடத்துக்குப் பிறகு புருஜியா நோயாளிகள் மறுபடி தென்பட்டார்கள். நாய், பூனைகளின் இரத்தத்தைச் சோதித்தபோது அவற்றிலும் புருஜியா கிடைத்ததென்று 2018இல் ஆய்வு வெளியானது. மலேசியாவில் பூனை இந்தப் புழுவைச் சுமப்பது முன்பே தெரிந்த விஷயம். இங்கே பூனையிடமிருந்துதான் மனிதருக்கு வந்ததா என்பது சந்தேக அளவில்தான் இருக்கிறது. ஆனாலும் யோசித்துப் பாருங்கள், மனிதருக்கு மாத்திரை கொடுத்தோம், அடுப்படியில் படுத்திருக்கிற பூனைக்கு யார் கொடுத்தது?

இதைப் படித்துவிட்டுப் பூனையைச் சாக்கில் கட்டி விட்டுவராதீர்கள். தொட்டாலோ, பிறாண்டினாலோ, நக்கினாலோ இந்த நோய் வராது. நடுவில் நுளம்பு வேண்டும். புழு உள்ள பூனை பெரும்பாலும் சுகமாகவே தெரியும். சந்தேகமென்றால் மிருக வைத்தியரிடம் இரத்தம் பார்க்கலாம்.

குளக்கரை வீடுகளில் இருக்கும் சொந்தக்காரருக்குச் சொல்லுங்கள்: வீட்டைச் சுற்றியுள்ள குட்டை, வாய்க்காலில் மிதக்கிற ஆகாயத்தாமரையை வாரிக் கரையில் காயப்போட வேண்டும். பொழுது சாய்ந்தால் பிள்ளைகளுக்கு உடம்பை மூடிய உடுப்பு, படுக்க நுளம்பு வலை.

விட்டுவிட்டு வரும் காய்ச்சல், தொடை இடுக்கில் நெறி கட்டுதல், முழங்காலுக்குக் கீழே வீக்கம் இருந்தால் டிஸ்பென்சரிக்கு வந்து, எந்த ஊரில் எவ்வளவு நாள் தங்கினீர்கள் என்பதையும் சொல்லுங்கள். வீங்கிய காலைத் தினமும் சவர்க்காரம் போட்டுக் கழுவி, விரல் இடுக்கு வரை துடைத்துக் காயவிடுங்கள். இரத்தம் எடுக்க ராத்திரியில் வரச் சொன்னால், "இந்த நேரத்திலயா?" என்று கோபப்படாதீர்கள். அந்தப் புழுக்குஞ்சுகள் இரத்தத்தில் அதிகம் நடமாடுவது ராத்திரியில்தான்.