பல் போனால் பிள்ளை மேல் பழியா?

கருவுற்ற பெண்ணின் பல் ஆடினால், "வயிற்றுப் பிள்ளை பல்லிலுள்ள சுண்ணாம்புச் சத்தை உறிஞ்சிவிட்டது" என்பார் சிலர். இது உண்மையா?

கருவின் ஆறாம் வாரமளவில் பால்பற்களின் அரும்புகள் தோன்றுகின்றன. நான்காம் மாதம் முதல் அவற்றில் சுண்ணாம்புச் சத்து படிகிறது. பிறக்கும்போது 20 பால்பற்களும் ஈறுக்குள் மறைந்திருக்கின்றன. இதற்கான சத்து தாயின் உணவிலிருந்தே செல்கிறது. உணவில் குறைந்தால் தாயின் எலும்பிலிருந்து எடுக்கப்படும், பல்லிலிருந்து அன்று. எனவே பால், மோர், கேழ்வரகு, முருங்கைக்கீரை ஆகியவை தாய்க்கு அவசியம்.

அப்படியானால் ஈறில் இரத்தம் வருவதேன்? கர்ப்பகால ஹார்மோன்களால், பல்லில் படியும் அழுக்குக்கு ஈறு எளிதில் வீங்குகிறது. இரத்தத்திற்கு அஞ்சிப் பல் துலக்காமல் விட்டால் நோய் முற்றும், பல்லும் ஆடும். தீவிர ஈறு நோயுள்ள தாய்மாரிடம் குறைமாதப் பிரசவமும் கூடுதலாகக் காணப்படுகிறது.

ஆகவே மென்மையான பிரஷால் காலையும் இரவும் துலக்க வேண்டும். வாந்தி எடுத்தால் நீரால் கொப்பளித்து, அரைமணி நேரம் கழித்தே துலக்க வேண்டும். தாமாக வலி மாத்திரை வாங்கி விழுங்கலாகாது. கருவுற்றிருப்பதைச் சொல்லிப் பல் மருத்துவரிடம் எம்மாதத்திலும் சிகிச்சை பெறலாம். நான்கு முதல் ஆறு மாதம் வரை மிக வசதியான காலம்.

2016 முதல் மாதந்தோறும் 9ஆம் தேதி அரசு மருத்துவ நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை நடைபெறுகிறது. ஆவடியிலோ, அம்பத்தூரிலோ, பூவிருந்தவல்லியிலோ உங்கள் அக்காவோ அண்ணியோ அங்கே செல்லும்போது, ஈறில் இரத்தம் வருவதையும் மறைக்காமல் கூறச் சொல்லுங்கள். தாயின் பல்லைத் திருடுவது பிள்ளையன்று; நம் அறியாமையே!