பூட்டிய கதவும் ரெண்டு பகடையும்

போன செமஸ்டர் லீவுல உட்கார்ந்து நானே ஒரு டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் எழுதினேன். மொத்தம் 40 பக்கம். வாளோட எடை, கயிறோட நீளம், எல்லாத்துக்கும் விதி இருந்துச்சு. விளையாட ஆரம்பிச்ச அரை மணி நேரத்துல அது செத்துப்போச்சு. ஏன்னு சொல்றேன், நீங்க அதே தப்பைப் பண்ண வேண்டாம்.

இந்த விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு: ஒருவர் சூழ்நிலையைச் சொல்வார், அவர்தான் கேம் மாஸ்டர். மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரம். "கதவை உடைக்கிறேன்" என்று நீங்கள் சொன்னால், உடையுமா என்பதைப் பகடை சொல்லும். 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' தான் இதற்கெல்லாம் மூத்தது.

என் கதையில் ஒரு பூட்டிய கதவு. 20 முகப் பகடையில் 15 அல்லது அதற்கு மேல் விழுந்தால் திறக்கும். அதாவது 20-ல் 6 வாய்ப்பு, 30%. முதல் ஆள் உருட்டினான், தோல்வி. அடுத்தவன், தோல்வி. நாலு பேரும் தோத்தாங்க. ஒருத்தன் போனை எடுத்துட்டான். நான் அதிர்ஷ்டத்தைத் திட்டினேன். கணக்குப் போட்டுப் பாருங்க: 0.7-ஐ நான்கு முறை பெருக்கினால் 0.24. கிட்டத்தட்ட நாலு தடவைக்கு ஒரு தடவை இப்படித்தான் நடக்கும்! தப்பு பகடையில் இல்லை. தோற்றால் என்ன ஆகும்னு நான் எழுதவே இல்லை.

வின்சென்ட் பேக்கரும் மெகுவே பேக்கரும் 2010-ல் கொண்டுவந்த 'அபோகலிப்ஸ் வேர்ல்ட்' இதை வேறு மாதிரி செய்கிறது. சாதாரண ஆறு முகப் பகடை ரெண்டு, கூட்டுத்தொகை பாருங்க. 10-க்கு மேல் போனாலும் சரி, 10 வந்தாலும் சரி, நினைச்சது நடக்கும். 7 முதல் 9 வரை வந்தால் நடக்கும், ஆனா ஒரு விலை உண்டு. 6-ம் அதற்குக் கீழும் வந்தால் கேம் மாஸ்டர் நிலைமையை மோசமாக்கலாம். மொத்தமுள்ள 36 வாய்ப்புகளில் இவை முறையே 6, 15, 15. எது விழுந்தாலும் கதை நின்ற இடத்திலேயே நிற்காது.

இன்னொரு விஷயம், இதுதான் எனக்குப் ரொம்பப் பிடிச்சது. 20 முகப் பகடையில் +1 கொடுத்தால் வாய்ப்பு 5% கூடும், அவ்வளவுதான். ரெண்டு பகடையில் அதே +1, முழு வெற்றியை 16.7%-லிருந்து 27.8%-க்குத் தூக்கிவிடும். தோல்வி 41.7%-லிருந்து 27.8%-க்கு இறங்கும். +3 கொடுத்தால் தோல்வி வெறும் 8.3%. அதனால நண்பன் கேக்குறானேன்னு போனஸை அள்ளிக் கொடுக்காதீங்க, பயமே போயிடும். சந்தேகம் இருந்தா பைத்தான்ல நாலு வரி எழுதி ஓட்டிப் பாருங்க.

நீங்கள் எழுதும்போது ஒரே பக்கத்தில் ஆரம்பியுங்கள். அன்னைக்கு ராத்திரியே யாரையாவது உட்காரவெச்சு ஆடுங்க. யார் எந்த இடத்துல போனை எடுக்குறாங்கன்னு மட்டும் குறிச்சுக்கோங்க.

அந்தக் கதவை நான் மாத்தி எழுதிட்டேன். இப்ப 8 விழுந்தா பூட்டு திறக்கும், ஆனா சாவிக்குப் பதிலா நுழைச்ச கத்தி உள்ளேயே உடைஞ்சிடும். 5 விழுந்தா கதவு உள்பக்கமிருந்து திறக்கும்.