அன்றாட உடையும் கெட்டிச் சாயமும்

திருநாளுக்கு ஒரு நிறம், வேலை நாளுக்கு ஒரு நிறம் என்று பிரித்து வைக்கும் வழக்கம் நம்மில் பலரிடம் உண்டு. மஞ்சளும் அரக்கும் கிளிப்பச்சையும் பெட்டியில் உறங்குகின்றன; மங்கிய துணிகளே வயலுக்கும் தறிக்கும் செல்கின்றன. ஆண்டில் திருநாட்கள் சில. வேலை நாட்களோ பல. உள்ளத்திற்கு ஊக்கம் மிகுதியாக வேண்டப்படுவதும் வேலை நாட்களில்தான். ஆகவே, அன்றாட உடையில் ஒளியுள்ள நிறங்கள் இடம்பெறுவது ஏன் நன்று என்பதையும், அதற்கு நமது சங்கங்கள் ஆற்ற வேண்டிய கடமை யாது என்பதையும் இப்பாடத்தில் ஆராய்வோம்.

நிறமும் உள்ளமும்

நிறத்திற்கும் மனநிலைக்கும் உள்ள தொடர்பை மக்கள் நெடுங்காலமாக அறிவர். துயருற்ற பெண்ணிடமிருந்து நிறத்தைப் பறித்து வெள்ளையை உடுத்தச் செய்த பழைய வழக்கமே இதற்குச் சான்று. நிறம் மகிழ்ச்சி தரும் என்று அறிந்தவர்களே அதனை மறுத்தார்கள். கைம்பெண்ணுக்கும் முதியோருக்கும் நிறத்தை மறுப்பது இரக்கமற்ற செயல். அதனைக் கைவிடுதல் நமது இல்லங்களின் கடமை.

2020இல் வெளியான ஓர் ஆய்வில் 30 நாடுகளைச் சேர்ந்த 4,598 பேர் வினவப்பட்டனர். கருப்பைத் துயரத்தோடும், மஞ்சளை மகிழ்ச்சியோடும், சிவப்பை அன்போடும் சினத்தோடும் தொடர்புபடுத்தியோர் பல நாடுகளிலும் இருந்தனர். எனினும் 2019இல் வெளியான மற்றோர் ஆய்வு, வெயில் அரிதான பின்லாந்தில் நூற்றுக்கு 88 பேர் மஞ்சளை மகிழ்ச்சியோடு இணைத்ததையும், வெயில் மிகுந்த எகிப்தில் நூற்றுக்கு 6 பேரே அவ்வாறு செய்ததையும் காட்டிற்று. ஒரே நிறம் எல்லோரையும் மகிழ்விக்கும் என்று நாம் முடிவு கட்டலாகாது. சட்டையை மாற்றியவுடன் கவலை தீர்ந்துவிடும் என்றும் இவ்வாய்வுகள் கூறவில்லை. தமக்கு உவந்த நிறத்தை நாள்தோறும் உடுத்துவோர்க்குச் சிறிதளவேனும் மலர்ச்சி உண்டாகும் என்பது நமது அனுபவம்.

இது நமக்குப் புதுமையுமன்று. காரைக்குடிப் பகுதியின் கண்டாங்கிச் சேலை, கடுகு மஞ்சளும் செங்கல் சிவப்பும் கருப்பும் கலந்த கட்டங்களோடு அன்றாட வேலைக்கென்றே நெய்யப்பட்டது. 2019இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

நிறம் நிலைக்க வேண்டும்

மகிழ்ந்து வாங்கிய சேலை முதல் அலசலிலேயே வெளுத்தால், மகிழ்ச்சி வெறுப்பாகும். அதன் சாயம் வீட்டாரின் வெள்ளை வேட்டியில் ஏறினால், வாங்கியவர் மீண்டும் கைத்தறிக் கடையின் படியை மிதியார். 1958இல் அமெரிக்காவுக்குச் சென்ற சென்னைக் கட்டம்போட்ட துணிக்கு இந்நிலையே நேர்ந்தது. சாயம் ஒழுகியதைக் கண்டு வாங்கியோர் சினந்தனர். சாயம் ஒழுகுவதே அத்துணியின் சிறப்பு என்று விளம்பரம் செய்து வணிகர்கள் தப்பினர். நமது சங்கக் கடையில் அத்தகைய விளம்பரம் செல்லாது. கெட்டிச் சாயம் ஒன்றே நமக்கு விளம்பரம்.

வாட் சாயங்கள் நீரில் கரையா. காரமும் ஹைட்ரோஸும் சேர்த்த தொட்டியில் அவை கரைந்து நூலினுள் புகும். காற்றுப்பட்டதும் மீண்டும் கரையாப் பொருளாகி உள்ளேயே தங்கும். அவுரி நீலம் பிடிப்பதும் இவ்வாறே. 1956இல் விற்பனைக்கு வந்த ரியாக்டிவ் சாயங்கள் பருத்தி இழையோடு வேதிமுறையில் பிணைபவை, மிக்க ஒளியுடையவை. ஆனால் பிணையாது தங்கிய சாயத்தைச் சோப்பு நீரில் கொதிக்கவைத்து அலசி நீக்காவிடில், அது பின்னர் ஒழுகியே தீரும். நேரமும் விறகும் மிச்சமாகும் என்று இவ்வொரு படியைத் தவிர்ப்பதனால் நேரும் கேடு பெரிது.

சோதனை எளிது. சாயமிட்ட நூற்சிட்டத்தில் சிறிது எடுத்து, வெள்ளைத் துணியோடு சேர்த்துத் தைத்து, வெதுவெதுப்பான சோப்பு நீரில் அரைமணி நேரம் ஊறவைத்துக் கசக்குக. வெள்ளைத் துணியில் கறை படியலாகாது. மற்றொரு துண்டின் பாதியை அட்டையால் மூடிச் சில நாட்கள் வெயிலில் வைக்குக. இரு பாதிகளும் வேறுபடலாகாது. பாவு ஓட்டுவதற்கு முன் இவற்றைச் செய்தால், நெய்த பின் வருந்த நேராது.

உழவருக்கும் இதில் பங்குண்டு

நூலில் பிடிக்காத சாயம் எங்கே செல்கிறது? வாங்கியவரின் தொட்டிக்குச் செல்லாவிடில், பட்டறையின் கழிவுநீரோடு ஆற்றுக்குச் செல்கிறது. நொய்யல் பாசன உழவர்கள் இதனால் நெடுநாள் துன்புற்றனர். 2011 சனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. உடுப்போரை மகிழ்விக்கும் நிறம் பயிரிடுவோரை அழச் செய்யலாகாது. சாயத்தை அளந்து இடுதலும், கழிவுநீரைச் சுத்திகரித்தலும் நெசவாளர் உழவருக்குச் செலுத்த வேண்டிய கடன்.

ஆகவே சங்கம்தோறும் மூன்று காரியங்கள் நடைபெறுதல் வேண்டும். நிறங்களைத் தேர்வதில் விற்பனையாளரோடு உடுத்தும் பெண்களின் கருத்தையும் கேட்டல். சோதித்த சாயத்தையே பாவுக்கு அனுமதித்தல். துவைக்கும் முறையைத் துணியோடு அச்சிட்டுக் கொடுத்தல். இவை நிறைவேறினால் நமது துணி வேலை நாளிலும் உடுக்கப்படும். திருநாட்களுக்கு இடையேயும் தறிகள் ஓடும்.

கலந்துரையாடுவதற்குரிய வினாக்கள்

1. நமது ஊரில் வேலை நாளுக்கு எந்நிறங்கள் விரும்பப்படுகின்றன? அவை நமது கடையில் கிடைக்கின்றனவா?

2. நமது சங்கத்தில் சாயச் சோதனை யார் பொறுப்பில் உள்ளது?

3. நமது சாயக் கழிவுநீர் எங்கே சென்று சேர்கிறது?