மருந்தும் புழுவும்

வயலுக்குத் தெளிக்கும் பூச்சிமருந்து மழைநீரோடு ஏரியில் கலந்தால், நீரிலுள்ள ஒட்டுண்ணிப் புழுக்களும் மடியுமன்றோ என நாம் எண்ணலாம். உண்மை அவ்வளவு எளிதன்று.

முன்பு தமிழ்நாட்டிலும் இருந்த நரம்புச் சிலந்தி நோயைப் பார்ப்போம். நோயாளி குளத்தில் கால் வைத்தால், புண்ணிலிருந்து இளம்புழுக்கள் நீரில் கலக்கும். அவற்றைச் சைக்ளாப்ஸ் என்னும் சிற்றுயிர் விழுங்கும். அந்நீரை வடிகட்டாமல் பருகியவர் காலிலிருந்து, ஏறத்தாழ ஓராண்டுக்குப் பின் நீண்ட புழு வெளிவரும். இந்நோயை ஒழிக்க, டெமிபாஸ் என்னும் பூச்சிமருந்தை நீர்நிலைகளில் அளந்து இட்டனர். அது கொன்றது சைக்ளாப்ஸை. தங்க இடமின்றிப் புழு அழிந்தது. துணியால் நீரை வடிகட்டியதும் பெரிதும் உதவியது. 1996இல் ராஜஸ்தானில் கடைசி நோயாளி காணப்பட்டார். 2000இல் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவை இந்நோயற்ற நாடாக அறிவித்தது.

ஆனால் வயலிலிருந்து அளவின்றி வழியும் மருந்தின் செயல் வேறு. ஆடுமாடுகளின் ஈரலைத் தாக்கும் தட்டைப்புழு நத்தையில் வளர்வது. பல பூச்சிமருந்துகள் நத்தையை விட்டுவிட்டு, நத்தையைத் தின்னும் நீர்ப்பூச்சிகளைக் கொல்கின்றன. பகை ஒழிந்த நத்தை பெருகினால் புழுவும் பெருக வழியுண்டு.

திருவண்ணாமலையைச் சுற்றி ஏரிப் பாசன ஊர்கள் பல. நம்முள் உழவர் வீட்டுப் பெண்கள் பலர். மருந்து தெளித்த கருவியை ஏரியில் கழுவ வேண்டாமென வீட்டில் சொல்வோம். மருந்து எதைக் கொல்கிறது என்பதோடு, எதை விட்டுவைக்கிறது என்பதையும் அறிவோமாக!